850 ரூபா மணிக்கூடும் ஒரு பக்கத் தாளும்

வணக்கம், வணக்கம். காத்துச் சத்தம் கேட்டா பொறுத்துக்கொள்ளுங்க, இண்டைக்கும் திருகோணமலை டச் பே கடற்கரையில தான். காகமும் வரும். அது இந்தச் சனலின்ர பங்காளி எண்டு பழைய ஆக்களுக்குத் தெரியும்.

இண்டைக்கு வேற வீடியோ தான் எடுக்க இருந்தது. ஆனா போன வீடியோவுக்குக் கீழ ஒரு தங்கச்சி எழுதியிருந்தா, மூண்டு கிழமையா நித்திரை இல்ல, சாப்பாடு இறங்குதில்ல, என்ன செய்யிறது எண்டு. அதுக்கு வந்த பதிலுகளில ஆகக் கூடின ஹார்ட் எதுக்கு விழுந்திருக்கு தெரியுமா? "ஒண்டும் யோசிக்காதீங்க, எல்லாம் சரிவரும்."

எழுதின ஆள் நல்ல மனசோட தான் எழுதியிருப்பார். ஆனா அந்த ஒரு வசனத்தைக் கேட்டா எனக்குப் பத்திக்கொண்டு வரும். எங்கட ஊரில யோசனை எண்டா கவலை. "யோசிச்சு யோசிச்சுத் தான் வருத்தம் தேடினது" எண்டு சொல்லுவாங்க. அப்ப கவலைப்படுற ஆளிட்ட கவலைப்படாதே எண்டு சொல்றது, காய்ச்சல்காரனிட்ட சுடாதே எண்டு சொல்ற மாதிரி தானே.

இது சும்மா என்ர எரிச்சல் இல்ல. 1987இல அமெரிக்காவில டேனியல் வெக்னர் எண்ட உளவியலாளர் செய்து பார்த்தவர். 5 நிமிசம் வெள்ளைக் கரடியை நினைக்காம இருங்க, நினைச்சா மணியை அடியுங்க எண்டு ஆக்களை இருத்தினா, மணி அடிச்சுக்கொண்டே இருந்திருக்கு. எங்களுக்குக் கரடி எதுக்கு? இப்ப 5 நிமிசம் கோட்டைக்குள்ள நிக்கிற மானை நினைக்காதீங்க பாப்பம். வந்துட்டுது என்ன, கொம்போட?

ஆனபடியால யோசனையை நிப்பாட்டுறதில்ல, அதுக்கு நேரம் குடுக்கிறது. 1983இல தோமஸ் போர்கோவெக் எண்ட உளவியலாளரின்ர குழு எழுதின முறை இது. அவங்க அரை மணித்தியாலம் வச்சவங்க. தொடங்கிற ஆளுக்கு 15 நிமிசம் போதும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே இடம். பின்னேரம் ஐந்தரை எண்டு வையுங்களன். கதிரையில இருந்து, கட்டிலில இல்ல. கட்டிலில இருந்து யோசிச்சா மூளைக்குக் கட்டில் எண்டாலே யோசிக்கிற இடம் எண்டு பழகிப்போகும்.

பகல்ல ஒரு கவலை வந்தா அதோட சண்டை பிடிக்கிறதில்ல. துண்டில மூண்டு சொல்லு எழுதுங்க: "லீசிங் காசு, ஆடி." எழுதிட்டு, ஐந்தரைக்கு வா எண்டு அனுப்பிவிடுங்க. ஐந்தரைக்குத் துண்டுகளை விரிச்சு இரண்டாப் பிரியுங்க. ஏதும் செய்யலாம் எண்டது ஒரு பக்கம், எங்கட கையில இல்ல எண்டது மற்றப் பக்கம். செய்யலாம் எண்டதுக்குப் பக்கத்தில அடுத்த வேலையை நாளோட எழுதோணும். "லீசிங் கொம்பனியோட கதைக்கோணும்" எண்டு எழுதினா அது திரும்பவும் கவலை தான். "செவ்வாய் 10 மணிக்குப் போய், தவணையைப் பிரிச்சுக் கட்டலாமோ எண்டு கேக்கிறது", இது வேலை. கையில இல்லாததை வாசிச்சுட்டுத் துண்டைக் கிழிச்சுப் போடுங்க. மணி அடிச்சா எழும்போணும், பாதி யோசனையில இருந்தாலும்.

பிழை விடுற இடம் எங்க எண்டா, கனபேர் இதை இரவு பத்து மணிக்கு வைப்பாங்க. வச்சா விடியும் வரைக்கும் ஓடும். இன்னொண்டு, முதல் நாலைஞ்சு நாள் வேலை செய்யாது. கவலை ஐந்தரைக்குக் காத்திருக்காது, திருப்பித் திருப்பி வரும். வரட்டும், திருப்பித் திருப்பி எழுதுங்க. இரண்டு கிழமைக்கு முந்தி சரிவரேல்ல எண்டு முடிவெடுக்க வேண்டாம்.

மணி எண்டு சொன்னன் தானே. சரி, இப்ப பாருங்க. டடாங்! எலாம் மணிக்கூடு. 850 ரூபா. பிரதான வீதியில ஒரு கடையில 1,200 சொன்னாங்க, மற்றக் கடையில 1,050, மூண்டாவதில 850க்கு விட்டுட்டார், பற்றறியோட! ஃபோன்ல சும்மா இருக்கிற சாமானுக்கு ஏன் காசு எண்டு எழுதப் போறீங்க, தெரியும். எலாம் ஃபோன்ல இருந்தா ஃபோன் தலைமாட்டில கிடக்கும். தலைமாட்டில கிடந்தா இரண்டு மணிக்கு முழிப்பு வரேக்க கை தானாப் போகும், நேரம் பாக்கப் போய் வாட்ஸ்அப், அங்க இருந்து வீடியோ, பிறகு நாலு மணி. 850 ரூபா குடுத்து ஃபோனைக் குசினியில சார்ஜ் போட விடுறது நட்டமே இல்ல.

வாங்கேக்க காதுக்குக் கிட்ட வச்சுக் கேளுங்க. மலிவானதில செக்கன் முள்ளு டிக் டிக் எண்டு துள்ளும், நடுச்சாமத்தில அது சுத்தியலால அடிக்கிற மாதிரிக் கேக்கும். துள்ளாம வழுக்கிக்கொண்டு சுத்திற முள்ளுள்ளதை எடுங்க, சத்தம் கிட்டத்தட்ட இல்ல. நான் கேட்டுத் தான் எடுத்தனான், கேளுங்க... காத்தில கேக்காது, விடுங்க. வீட்ட கொண்டு போய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்க. "இப்ப இரண்டரை, இன்னும் மூண்டரை மணித்தியாலம் தான் இருக்கு" எண்டு கணக்குப் பாக்கத் தொடங்கினா நித்திரை பறந்திடும்.

படுத்து 20 நிமிசம் மாதிரி நித்திரை வரேல்ல எண்டா எழும்பி வேற இடத்தில இருக்கோணும். மாதிரி எண்டது மதிப்புத் தான், மணிக்கூடு பாக்கிறதில்ல. நித்திரை தூங்கி வந்தாப் போல திரும்பிப் படுக்கிறது. ஆனா இந்த முறையை எழுதின வெள்ளைக்காரர் நுளம்பு வலையை யோசிக்கேல்ல! இங்க எழும்பினா வலையைத் தூக்கோணும், தூக்கினா இரண்டு நுளம்பு உள்ளுக்க, பேந்து அதை அடிக்கிறதுக்கு லைட்டைப் போட்டா முழு முழிப்பு. அதால படுக்க முந்தியே கதிரை, ஃபான், நுளம்புத்திரி, சின்ன லைட் எல்லாம் ஒரு மூலையில ஆயத்தமா இருக்கோணும். எழும்பின உடன வலையைத் திரும்பச் செருகிவிடுங்க. காலமை எழும்பிற நேரம் மட்டும் மாறக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையும்.

ஆ, தேத்தண்ணியை மறந்துட்டன். தேத்தண்ணியில இருந்து நித்திரையைக் கலைக்கிற கஃபீன் உடம்பில பாதியாக் குறைய கிட்டத்தட்ட 5 மணித்தியாலம் எடுக்கும். ஆறு மணிக்குக் குடிச்ச சாயத்தின்ர கஃபீன்ல பாதி பதினொரு மணிக்கும் உள்ளுக்க நிக்குது. மத்தியானத்துக்குப் பிறகு பிளேன்ரியை விட்டுப் பாருங்க. கோவிக்க வேண்டாம், பாக்கச் சொல்றன், அவ்வளவு தான்.

சரி, அந்தத் தங்கச்சிக்கு வாறன். மூண்டு கிழமை, நித்திரையும் இல்ல சாப்பாடும் இல்ல எண்டா மணிக்கூடு மட்டும் காணாது. மனச் சோர்வு எவ்வளவு எண்டு பாக்க பி.எச்.க்யூ 9 எண்டு ஒரு கேள்விப் பட்டியல் இருக்கு, உலகம் முழுக்கப் பாவிக்கிறது. 9 கேள்வி, கடைசி இரண்டு கிழமையைப் பற்றி. ஒவ்வொண்டுக்கும் 0இல இருந்து 3 வரை புள்ளி, மொத்தம் 27. 10 வந்தா ஆரையாவது போய்ப் பாக்கோணும் எண்டு எடுங்க. இது வருத்தத்துக்குப் பேர் வைக்கிற சோதனை இல்ல, காய்ச்சல் பாக்கிற தேர்மோமீட்டர் மாதிரி. ஆனா ஒன்பதாவது கேள்வி, செத்தா நல்லம் எண்ட நினைப்பைப் பற்றினது. அதில 1 போட்டாலே மொத்தத்தைக் கூட்டிக்கொண்டு இருக்க வேண்டாம், அண்டைக்கே ஒராளிட்ட வாய் விட்டுச் சொல்லோணும்.

இப்ப ஆஸ்பத்திரிக் கதை. "அங்கொடைக்கு அனுப்பிடுவாங்களோ?" எண்டு மூண்டு பேர் கேட்டிருக்கிறீங்க. ஐயோ, கொழும்புக்குக் கிட்ட பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கிற அங்கொடை எண்ட ஊர்ப் பேரை ஏச்சாக்கி வச்சிருக்கிறம் நாங்க. திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியிலயே மனநல கிளினிக் இருக்கு, அரசாங்க ஆஸ்பத்திரி, காசு இல்ல. வாறவங்களில ஆகக் கூடின ஆக்கள் மருந்தோ கதையோ எடுத்துக்கொண்டு பின்னேரத்துக்குள்ள வீட்ட போய்ச் சோறு சமைக்கிற ஆக்கள். கதைக்கிறதுக்கு மட்டும் எண்டா பிரதேச செயலகங்களில உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறாங்க. உளவளத்துணையாளர் மருந்து எழுதமாட்டார், உளவியலாளரும் எழுதமாட்டார், மனநல டொக்டர் எழுதுவார். தனியாரிட்ட காசு குடுத்துப் போறதெண்டா என்ன படிச்சிருக்கிறீங்க எண்டு கேளுங்க. கேக்கிறது மரியாதைக் குறைவு இல்ல.

கிளினிக்கில பிழை விடுற இடம் ஒண்டே ஒண்டு. சனம் நம்பர் எடுத்து, வாங்கில இரண்டு மணித்தியாலம் காத்திருந்து, உள்ள போனதும் "தலையிடி டொக்டர்" எண்டு சொல்லுவாங்க. இல்லாட்டி "நெஞ்சு அடைக்கிற மாதிரி", "உடம்பெல்லாம் அலுப்பு". பொய் இல்ல, எங்களுக்குக் கவலை உடம்பில தான் பேசும். ஆனா அவருக்கு இருக்கிறது கொஞ்ச நேரம், அவர் தலையிடிக்கு மருந்து குடுப்பார், நீங்க பனடோலோட வெளியில வருவீங்க. பேந்து "போய்ப் பாத்தன், ஒண்டும் சரிவரேல்ல."

அதுக்குத் தான் ஒரு பக்கத் தாள். கொப்பியில ஒரு பக்கம், கூட வேண்டாம். நான் மாதிரிக்கு எழுதினதை வாசிக்கிறன்.

"சித்திரை மாசத்தில இருந்து. இரவு 2 மணிக்கு முழிப்பு, பிறகு நித்திரை இல்ல, கிழமையில 5 நாள். சோறு பாதி, 4 கிலோ குறைவு. முந்தி வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்குப் போறது, இப்ப இல்ல, ஆக்களைக் காண ஏலாம இருக்கு. தலையிடி பின்னேரத்தில. குடிக்கிற மருந்து: பிரஷர் குளிசை 1. கசாயம் ஒரு மாசம் குடிச்சது. சாகிற நினைப்பு: இல்ல. கேக்க வேண்டியது: இது எவ்வளவு காலம் எடுக்கும்?"

பாருங்க, எப்ப தொடங்கினது, எத்தனை நாள், என்ன நிண்டு போச்சு. "மனம் சரியில்ல" எண்ட சொல்லே இல்ல. சாராயம், பீடி இருந்தா அதையும் எழுதுங்க, மறைச்சா மருந்து பிழையாப் போகும். டொக்டர் சிங்களம் மட்டும் தெரிஞ்சவர் எண்டா தாளைக் குடுத்து நர்ஸைச் சொல்லச் சொல்லுங்க. மனுசனையோ மகளையோ மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். மாமியாரைப் பற்றின பகுதியை அவவின்ர மகன், உங்கட மனுசன், எப்படிச் சொல்லுவார்?

சொல்ல மறந்தது: இரத்தச் சோதனையையும் கேளுங்க. தைரொயிட் குறைஞ்சாலும், இரத்தச்சோகை இருந்தாலும் இதே அலுப்பும் இதே மனச் சோர்வும் வரும். முதல்லயே சொல்லியிருக்கோணும் இதை.

கதைச்சுச் சுகப்படுத்திற தெரப்பி எண்டா, ஒரு தரம் 45 நிமிசம், 50 நிமிசம் வரும். யோசிக்கிற விதத்தையும் செய்யிற விதத்தையும் மாத்திப் பழக்கிற சீ.பீ.டீ எண்ட வகை எண்டா 6இல இருந்து 20 தரம் வரை, கிழமைக்கு ஒண்டு. அழோணும் எண்டு இல்ல, சின்ன வயசுக் கதையை முதல் நாளே கொட்டோணும் எண்டும் இல்ல. வீட்டு வேலை தருவாங்க, அதைச் செய்யாமப் போனா பாதி காசு வீண். 4 தரம் போயும் ஒட்டேல்ல எண்டா அவரிட்டயே சொல்லுங்க, இல்லாட்டி ஆளை மாத்துங்க. நீங்க சொன்னதை அவர் வெளியில சொல்லமாட்டார், உங்கட உயிருக்கோ வேற ஆரின்ர உயிருக்கோ ஆபத்து எண்டா மட்டும் தான் விலக்கு. ஃபோன்ல செய்யிறதெண்டா வீட்டில தனி அறை இல்லாத பிரச்சினை. நிப்பாட்டி வச்ச ஓட்டோவுக்குள்ள இருந்து இயர்ஃபோன் போட்டுக் கதைக்கலாம். கடற்கரை வேண்டாம், கேக்குது தானே இந்தக் காத்து.

குளிசையைப் பற்றிக் கெதியாச் சொல்லிடுறன். செர்ட்ரலின், ஃபுளொக்செட்டின் மாதிரி மனச் சோர்வு மருந்துகளுக்குக் குணம் தெரிய 2இல இருந்து 4 கிழமை எடுக்கும், முழுக்க எண்டா 6 கிழமையும் எடுக்கலாம். ஆனா வயித்துப் பிரட்டலும் தலையிடியும் முதல் கிழமையே வரும். பிரட்டல் இண்டைக்கு, சுகம் அடுத்த மாசம்! அதால தான் சனம் அஞ்சாம் நாள் விட்டுடுது. சாப்பிட்டிட்டுப் போட்டா கொஞ்சம் லேசு, கனபேருக்கு இரண்டு கிழமையில அடங்கும். பதட்டமோ சாகிற நினைப்போ கூடினா மட்டும் பொறுக்கிறதில்ல, உடன டொக்டரிட்ட. முக்கியமா இளம் ஆக்கள். சுகம் வந்த உடன தானா நிப்பாட்டவும் கூடாது. திடீரெண்டு விட்டா தலை சுத்தும், கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும், உடன "பாத்தீங்களா, மருந்துக்கு அடிமை" எண்டு பக்கத்து வீட்டில சொல்லுவாங்க. இது அடிமை இல்ல, டொக்டரோட பேசிப் படிப்படியாக் குறைச்சா சரி. உண்மையில பழக்கமாகக் கூடியது டயஸிபாம் மாதிரி நித்திரைக் குளிசை. அதைத் தான் எங்கட சனம் ஒருதருக்கு ஒருதர் மாத்திக் குடுக்கிறது!

கோயிலுக்குப் போனாக் காணாதோ எண்டு கேட்ட அண்ணாவுக்கு: போங்க அண்ணா. கோட்டை வாசலில இருந்து கோணேசர் கோயில் வரைக்கும் நடந்தே போங்க, நாளும் நேரமும் குறிச்சு வச்சு. ஏலாது எண்டு படுத்திருக்கேக்க அப்படி எழும்பி நடக்கிறது நல்ல வைத்தியம், எழும்ப மனம் வரும் வரைக்கும் பாத்திருக்கிறது தான் பிழை. கோயிலுக்கும் கிளினிக்குக்கும் சண்டை இல்ல, நேரமும் வேற.

தங்கச்சி, உங்கட கொமென்டுக்குக் கீழ 1926 எண்ட நம்பரைப் போட்டு விட்டிருக்கிறன். தேசிய மனநல நிறுவகத்தின்ர இலக்கம், 24 மணித்தியாலமும், காசு இல்ல, தமிழில கதைக்கலாம். மூண்டு கிழமையா நித்திரை இல்ல எண்டு இங்க எழுதினீங்களே, அதையே அங்க சொன்னாச் சரி.

மற்றது, மணிக்கூட்டுக் கடை எங்க எண்டு கேப்பீங்க. மூண்டாவது கடை, மீன் சந்தைக்குப் போற பக்கம். கறுப்பு முடிஞ்சுதாம், இப்ப ரோஸ் கலர் மட்டும் தான் கிடக்கு.