அகழி இல்லாத கோட்டை

நேயர்களுக்கு வணக்கம். ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு இணையம் அத்துப்படி என்று நினைக்கிறோம். கைபேசியில் விரல் ஓடும் வேகத்தைப் பார்த்து வந்த நினைப்பு அது. எனக்கும் இருந்தது, வேலூரில் ஓர் எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காரும் வரை.

பி.எட். மாணவி ஒருவர், வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த வேலூர்ப் புரட்சியைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தார். 1806 ஜூலை 10, புதிய தலைப்பாகை, அதை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்த ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி, எல்லாம் சரியாகவே வந்தன. பிறகு இணையத்தில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினார். ஒரு பையன் எழுந்தான்.

“டீச்சர், நம் கோட்டையைச் சுற்றி அகழி இருக்குமே, இதில் தண்ணீரையே காணோமே?”

அது 1857இல் வடக்கே நடந்த சண்டையின் ஓவியம். அவரோ தினமும் பஸ்ஸில் கோட்டையைக் கடந்து வருகிறவர். தேடலில் முதலில் வந்த படம் அவர் கண்ணையே தோற்கடித்துவிட்டது.

அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நான் திருத்திய ஒரு பாடக்குறிப்பில் வேறு மாவட்டத்துப் பள்ளியின் பெயர் அப்படியே இருந்தது. வாட்ஸ்அப்பில் வந்ததை எழுதியவரே படிக்கவில்லை!

பாடநூலில் கியூஆர் குறியீடு, திக்‌ஷா தளம், மணற்கேணி செயலி என்று பாடப்பொருளுக்குப் பஞ்சமில்லை. குறை அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான். தானே நெறிப்படுத்திக் கற்பதை அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பாரி சிம்மர்மன் மூன்று கட்டங்களாகப் பிரித்தார். தொடங்குமுன் திட்டமிடுவது, செய்யும்போது தன்னையே கவனிப்பது, முடித்தபின் திரும்பிப் பார்ப்பது. நம் மாணவர்கள் முதல் கட்டத்தையும் கடைசியையும் விட்டுவிடுகிறார்கள். நடுவிலும் கவனிப்பு குறைவுதான்.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு வழக்கம். கைபேசியை எடுக்குமுன் நோட்டில் ஒரு கேள்வி எழுத வேண்டும். “வேலூர்ப் புரட்சி” என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன், அது தலைப்பு. “சிப்பாய்கள் தலைப்பாகையை ஏன் வெறுத்தார்கள்?” என்றால் கேள்வி. படம் எடுத்தால் அதை வரைந்தவர் யார், எந்த ஆண்டு என்பதை வேறோர் இடத்திலும் சரிபார்த்து ஓரத்தில் குறிக்க வேண்டும். முதல் வாரம் ஒரே முணுமுணுப்பு.

அந்த மாணவி மறுநாளே அகழியைத் தன் கைபேசியில் படம் பிடித்து வகுப்புக்குக் கொண்டுபோனார். அதே பையன் விடவில்லை.

“இவ்வளவு தண்ணீரைத் தாண்டிக் குதிரைகள் எப்படி உள்ளே போயின, டீச்சர்?”

“தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்றார். கை கைபேசிக்குப் போகவில்லை. நோட்டைத் திறந்து அந்தக் கேள்வியை அவன் பெயரோடு எழுதிக்கொண்டார்.