இறால் ஏன் கூடாது, சங்கரா ஏன் ஓகே? பைபிளோட மீன் சட்டம்

வணக்கம் மக்களே. லேவியராகமம் 11ஆம் அதிகாரத்துல 9ல இருந்து 12 வரைக்கும், மொத்தமே நாலு வசனம், இன்னைக்கு வீடியோ அத பத்தி தான். தண்ணியில இருக்குறதுல "சிறகும் செதிளும்" உள்ளத சாப்பிடலாம், மத்தது எல்லாம் அருவருப்பு. உபாகமம் 14லயும் இதே தான். சிறகுன்னதும் றெக்கைன்னு நினைச்சுராதீங்க, மீனோட துடுப்ப தான் நம்ம பழைய பைபிள்ல அப்படி போட்டிருக்காங்க.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. அதே அதிகாரத்துல பன்றி, ஒட்டகம், கழுகு, ஆந்தைன்னு பேர் பேரா லிஸ்ட் வருது, ஆனா மீன்ல ஒரு பேர் கூட கிடையாது, வெறும் அடையாளம் மட்டும் தான்.

(ஸ்க்ரீன்ல: கவசம் போட்ட கோலியாத்)

சரி, எது செதில்? யூத ரபிகள், அதாவது அவங்க மத போதகர்கள், இதுக்கு எங்க போறாங்கன்னா தாவீது கூட சண்டை போட்ட ராட்சசன் கோலியாத் கிட்ட! 1 சாமுவேல் 17ல அவன் போட்டிருக்க கவசத்துக்கும் எபிரேயத்துல செதிலுக்கு இருக்க அதே வார்த்தை தான் வருது. அப்போ செதில்னா உடம்பு மேல கவசம் மாதிரி இருக்கணும். 13ஆம் நூற்றாண்டுல நக்மானிடெஸ்னு ஒரு ரபி இன்னும் தெளிவா சொல்லிட்டாரு, கையாலயோ கத்தியாலயோ எடுத்தா தோல விட்டு தனியா வரணும், அது தான் செதில்னு.

இது மீன் கடைக்கு போற யாருக்கும் புரியும். சங்கராவ வாலுல இருந்து தலைப்பக்கமா கத்தியால சுரண்டுனா செதில் தெறிச்சு மூஞ்சில எல்லாம் ஒட்டும். சுறாவ தடவி பாருங்க, உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும், ஆனா சுரண்டுனா தோல் தான் கிழியும். அதனால சுறா அவுட். திருக்கை, விலாங்கு, கெளுத்தி, இறால், நண்டு, கணவாய் எல்லாமே அவுட். கானாங்கெளுத்திய பேர பாத்து ஒதுக்கிடாதீங்க, அதுக்கு செதில் இருக்கு, அது பாஸ்.

யூத ரபிகளோட விவாதங்கள தொகுத்த தல்மூத்ங்கற நூல் இன்னொன்னு சொல்லுது, செதில் இருக்க எல்லா மீனுக்கும் துடுப்பு இருக்குமாம். அப்போ துடுப்ப எதுக்கு தனியா எழுதணும்னு அதுவே கேட்டுட்டு, தோராவ, அதாவது மோசேயோட சட்டத்த, பெருசாக்கி மகிமைப்படுத்தன்னு பதிலும் சொல்லிக்குது. எனக்கு இந்த பதில் ரொம்ப பிடிக்கும்.

இப்போ மெயின் மேட்டர், ஏன் இந்த சட்டம்? வாட்ஸ்அப்ல வர்ற பதில் ஒன்னே ஒன்னு தான், "இறால் கழிவ திங்குது, உடம்புக்கு கெடுதல், அப்பவே சயின்ஸ் சொல்லியாச்சு". எனக்கு இது ஒத்து வரல. களவா, சீலா ரெண்டுக்கும் செதில் இருக்கு, ஆனா பவளப்பாறை பக்கம் புடிக்குற பெரிய களவா, சீலால சிகுவடெரான்னு ஒரு விஷம் சேரும், எவ்ளோ கொதிக்க வெச்சாலும் போகாது. ஹெல்த் தான் காரணம்னா அத ஏன் விட்டாங்க? மேரி டக்ளஸ்னு ஒரு மானிடவியலாளர் 1966ல வேற மாதிரி சொன்னாங்க: தண்ணியில இருக்கறது துடுப்போட நீந்தணும், அந்த வகைக்குள்ள அடங்காதது தான் அருவருப்புன்னு. பின்னாடி அவங்களே அந்த கருத்த மாத்திக்கிட்டாங்க, அது வேற கதை. அதிகாரத்தோட கடைசில பாத்தா உடம்பு, வியாதின்னு ஒரு வார்த்தை இல்ல, "நான் பரிசுத்தர், நீங்களும் பரிசுத்தராயிருங்கள்"ங்கறது தான் இருக்கு. நீ வேற ஜனம், அது உன் தட்டுலயே தெரியணும், நான் புரிஞ்சுக்கிட்டது அவ்ளோ தான்.

ஆனா ஜனங்க கேட்டாங்களா? 2021ல வந்த ஒரு ஆய்வுல இஸ்ரேல் பக்கம் 30 இடத்துல கிடைச்ச ஏறக்குறைய 20,000 மீன் எலும்ப பாத்தாங்க. பழைய யூதா நாட்டுல, எருசலேம்லயே, கெளுத்தியும் சுறாவும் நல்லா சாப்பிட்டிருக்காங்க! ரோமர் காலத்துல தான் அது அரிதாகுது.

கிறிஸ்தவங்கள்ல பெரும்பாலானவங்க அப்போஸ்தலர் 10ல எல்லா வகை மிருகத்தையும் காட்டி "அடித்துப் புசி"ன்னு பேதுருவுக்கு வந்த தரிசனத்த சொல்லி இத விட்டுட்டாங்க. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்காரங்க இன்னும் கடைபிடிக்கிறாங்க, அவங்க வீட்டுக்கு இறால் தொக்கு கொண்டு போயிடாதீங்க.

கடைசியா மத்தேயு 13. வலைய கரைக்கு இழுத்து, உக்காந்து, நல்லத கூடையில போட்டு ஆகாதத தூக்கி எறியுறாங்கன்னு இயேசு ஒரு உவமை சொல்றாரு. கலிலேயா கடல்ல இன்னைக்கும் மீசை வெச்ச பெரிய கெளுத்தி இருக்கு, செதிலே இல்லாதது. அந்த கரையில உக்காந்து கேட்டவங்களுக்கு "ஆகாதது"ன்னதும் எந்த மீன் ஞாபகம் வந்திருக்கும்னு நினைக்கிறீங்க?