இறுக்காமல் விட்ட ஒரு போல்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

கார் ஓட்டும் வீடியோ கேம் என்றதும் பளபளக்கும் வண்டியும், அகலமான சாலையும், இடித்த அடுத்த நொடியே புதுசாகிவிடும் பம்பரும்தான் கண்முன் வரும். இன்று நாம் பேசப்போகும் விளையாட்டில் தொடக்கத்தில் வண்டியே கிடையாது. வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் உதிரிகள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பக்கம் இன்ஜின் பிளாக், தட்டில் பிஸ்டன்கள், சுவரோரம் கதவு. நடுவில் வெறும் கூடாக நிற்கிறது பாடி. ஓட்ட ஆசைப்படுகிறவர் முதலில் பூட்ட வேண்டும். எப்படிப் பூட்டுவது என்று விளையாட்டு ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

பெயர் மை சம்மர் கார். அமிஸ்டெக் கேம்ஸ் என்ற பெயரில் பின்லாந்துக்காரரான யோஹன்னஸ் ரோயோலா உருவாக்கியது. 2016 அக்டோபர் 24 அன்று, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையதளத்தில், முடிக்கப்படாத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. முழுப் பதிப்பு வந்தது 2025 ஜனவரி 8 அன்று. இடையில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. 'அமிஸ்' என்பது பின்லாந்துப் பேச்சுவழக்கில் தொழிற்பள்ளி மாணவனைக் குறிக்கும் சொல். பழைய காரை நோண்டிக்கொண்டு, ஊர்ச்சாலையில் புழுதி கிளப்பித் திரியும் பையன் என்ற கிண்டலும் அதற்குள் அடக்கம். நாம் ஆடுவது அந்தப் பையனாகத்தான்.

காலம் 1995 கோடை. இடம், ஏரியும் பைன் காடுமாக இருக்கும் பின்லாந்துக் கிராமம். பெற்றோர் டெனரிஃப் தீவுக்கு விடுமுறை போய்விட்டார்கள். பையனிடம் இருப்பது அன்றைய பின்லாந்து நாணயமான மார்க்காவில் கொஞ்சம் நோட்டுகளும், அப்பாவின் பழைய காரும். விளையாட்டில் அந்தக் காருக்கு சட்சுமா என்று பெயர். அதன் மூலம் டாட்சன் 100ஏ: 988 சிசி, நான்கு சிலிண்டர், முன்சக்கர இழுவை. 1970களில் பின்லாந்தில் அமோகமாக விற்ற சின்னக் கார் அது. அங்கே ஒரு தலைமுறைக்கே அது வீட்டு வண்டி. ஃபெராரியைப் பூட்டச் சொல்லியிருந்தால் இந்தச் சிரிப்பு வந்திருக்காது.

இதை நகைச்சுவை விளையாட்டு என்கிறார்கள். ஆனால் விளையாட்டு எங்கேயும் நகைச்சுவை சொல்வதில்லை. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு இயற்பியல் விதிகளை மட்டும் நடத்துகிறது. தவறு நடப்பது ஷெட்டில். பலன் கிடைப்பது பல கிலோமீட்டர் தள்ளி, ஒரு வளைவில். அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது.

எப்படி என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். ஸ்பேனர் பெட்டியில் 5 முதல் 15 மில்லிமீட்டர் வரை அளவுகள் இருக்கின்றன. கூடவே ஒரு ஸ்க்ரூடிரைவர், ஸ்பார்க் பிளக்குக்கு ஒரு தனி ஸ்பேனர். ஒரு பாகத்தைக் கையால் எடுத்து அதன் இடத்துக்கு அருகே கொண்டுபோனால் பொருந்திக்கொள்ளும். அத்துடன் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு. பாகம் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதன் ஒவ்வொரு போல்ட்டையும் தேடிப்பிடித்து, சரியான அளவு ஸ்பேனரை வைத்து, மவுஸ் சக்கரத்தை உருட்டி, இனி உருளாது என்னும் வரை இறுக்க வேண்டும். அளவு மாறினால் போல்ட் அசையாது. பாதி இறுக்கினாலும் வண்டி ஓடும். ஓட ஓட அதிர்வில் அந்த போல்ட் தளர்ந்துகொண்டே போய், ஒருநாள் பாகமே கழன்று விழும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இந்தக் கார் முச்சாண் என்ன, மூன்று கிலோமீட்டர்கூட ஓடிவிடும். அதுதான் ஆபத்து.

பூட்டும் வரிசை உண்மை இன்ஜினின் வரிசையேதான். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டைப் பிளாக்கில் வைத்து மூன்று மெயின் பேரிங்குகளால் பிடிக்க வேண்டும். பிறகு நான்கு பிஸ்டன்கள், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், அதன் பல்சக்கரம். பல்சக்கரத்தில் இருக்கும் குறியை நேராக்கிய பிறகே, இரண்டு ஷாஃப்ட்டுகளையும் இணைக்கும் டைமிங் செயினை மாட்ட வேண்டும். இங்கே பிசகினால் வால்வு திறக்கும் நேரமும் பிஸ்டன் ஏறி இறங்கும் நேரமும் ஒத்துப்போகாது. இன்ஜின் இருமும், அடம்பிடிக்கும், ஸ்டார்ட் ஆகாது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய டைமிங் கவரைத் திரும்பக் கழற்ற வேண்டும். அதற்கு முன் புல்லியைக் கழற்ற வேண்டும். அதற்கும் முன் ஃபேன் பெல்ட்டை. மெக்கானிக் ஷெட்டில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கிலியின் அருமை தெரியும்.

ஹெட் கேஸ்கெட், சிலிண்டர் ஹெட், ராக்கர் ஷாஃப்ட், ஆயில் பான், ஃபிளைவீல், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் முடிந்தால், கிரேனில் தூக்கி வண்டிக்குள் இறக்கலாம். ஆயில் பானின் அடியில் வடிகால் போல்ட் ஒன்று உண்டு. அதை மறந்துவிட்டு மேலே ஆயில் ஊற்றுகிறவர்கள் ஏராளம். ஊற்றியது அப்படியே கீழே வடிந்து போகும். விளையாட்டு அதையும் தடுக்காது, சொல்லவும் சொல்லாது. ஆயில் இல்லாமல் கிளப்பினால் இன்ஜின் கொஞ்ச நேரத்தில் நாசமாகும்.

ஸ்டார்ட் ஆன பிறகுதான் நுணுக்கம் ஆரம்பிக்கிறது. எட்டு வால்வுகளுக்கும் டேப்பட், அதாவது வால்வுக்கு மேல் விடும் சின்ன இடைவெளி, சரிபார்க்க வேண்டும். ராக்கர் கவரைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். தளர்வாக இருந்தால் டக் டக் என்று சத்தம் வரும். அதிகம் இறுக்கினால் வால்வு சரியாக மூடாது, இழுவை போய்விடும். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்பரேட்டரில் ஒரு திருகு இருக்கிறது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் சைலன்சர் பட்பட் என்று வெடிக்கும். பெட்ரோல் மிகுந்தால் கறுப்புப் புகை வரும், டேங்க்கும் சீக்கிரம் காலியாகும். காற்றும் பெட்ரோலும் 14.7க்கு 1 என்ற எடை விகிதத்தில் சேர்ந்தால் பெட்ரோல் முழுதாக எரியும் என்பது வேதியியல் கணக்கு. அந்த விகிதத்தைக் காட்டும் மீட்டரைத் தபாலில் வரவழைத்து டேஷ்போர்டில் பொருத்திக்கொள்ளலாம். மீட்டர் வாங்கக் காசில்லாதவர்கள் காதால் கேட்டே டியூன் செய்கிறார்கள். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரையும் இதேபோல், பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்திக் கையால் திருப்பி வைக்க வேண்டும்.

ஃபேன் பெல்ட்டைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரை இழுத்து இறுக்காவிட்டால் பெல்ட் கீச்சிடும், பேட்டரி ஏறாது. பெல்ட் அறுந்தால் வாட்டர் பம்பும் நின்றுவிடும். வெப்பமானி முள் மெதுவாக ஏறுகிறது. பாட்டு கேட்டுக்கொண்டு ஓட்டுகிறவர் கவனிப்பதில்லை. ரேடியேட்டர் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய், வெள்ளைப் புகையோடு காட்டுப்பாதையில் வண்டி நிற்கும். வீடு எவ்வளவு தொலைவோ அவ்வளவும் நடை. ஒரு சின்னச் சாமானுக்குக் கஞ்சம் பார்த்ததன் விலை அது. பெல்ட், ஸ்பார்க் பிளக், ஆயில் ஃபில்டர் எல்லாமே டெய்மோ என்பவரின் கடையில் கிடைக்கும். வண்டியில் ஒரு மாற்று பெல்ட் கட்டாயம் இருக்கட்டும்.

இந்தக் கறார்தனம் காருக்கு மட்டும் இல்லை. பையனுக்கும் பசி, தாகம், களைப்பு, மனஅழுத்தம், அழுக்கு, சிறுநீர் என்று தனித்தனி அளவுகோல்கள் ஏறிக்கொண்டே இருக்கும். தூக்கம் கெட்டால் ஓட்டும்போதே கண் செருகும். மனஅழுத்தம் முற்றினால் மாரடைப்பு. அதைத் தணிக்கச் சிகரெட் உண்டு, பின்லாந்து வீடுகளின் நீராவிக் குளியலறையான சவுனா உண்டு. கெட்ட வார்த்தை பேசுவதற்கென்றே விசைப்பலகையில் ஒரு பொத்தானும் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் பையன் சுத்தமான பின்னிஷ் மொழியில் 'பெர்கெலே' என்பான். பேச்செல்லாம் பின்னிஷ்தான், அடியில் ஆங்கில எழுத்து ஓடும். மொழிபெயர்த்துக் குரல் கொடுக்காதது நல்ல முடிவு என்பது என் எண்ணம். அந்தக் கிராமத்தின் முரட்டுச் சோம்பல் அந்தக் குரல்களில்தான் இருக்கிறது.

செலவுக்குக் காசு வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளின் கழிவுத்தொட்டியை லாரியில் உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய்க் கொட்டும் வேலை இருக்கிறது. டிராக்டரில் விறகு ஏற்றிக் கொடுக்கலாம். ஸ்ட்ராபெரி பறிக்கலாம். குடித்துவிட்டுப் போன் செய்யும் ஊர்க்காரரை நள்ளிரவில் வீட்டில் கொண்டுபோய் விடலாம். கழிவு லாரி வேலையில்தான் நல்ல காசு. ஆனால் லாரி கனமானது, பிரேக் பிடித்த இடத்தில் நிற்காது. ரயில் பாதையை அந்த வண்டியோடு கடக்கும்போது இரு பக்கமும் பாருங்கள். ரயில் உங்களுக்காக நிற்காது.

பொருள்கள் எல்லாவற்றுக்கும் எடை உண்டு, உருண்டோடும் குணம் உண்டு. கடையில் வாங்கிய சாசேஜும் பீர் பெட்டியும் பின்சீட்டில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் என்று நம்பக் கூடாது. முதல் மேட்டில் துள்ளும், இரண்டாவது மேட்டில் காலடிக்கு வரும். சீட் பெல்ட் போடாமல் மரத்தில் மோதினால் மறுநாள் செய்தித்தாளில் வருவோம். உண்மையாகவே வருவோம். செத்தவுடன் திரையில் அதைச் செய்தியாகப் போடும் ஒரு பத்திரிகைப் பக்கம்தான் காட்டப்படுகிறது. ஓடும் டிவிமேல் சிறுநீர் கழித்து மின்சாரம் தாக்கிச் செத்தாலும் அதே கௌரவம் கிடைக்கும்.

ஆடுகிறவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? ஸ்டீமில் பயனர்கள் எழுதிய மதிப்பீடுகளில் பெரும்பான்மை பாராட்டுத்தான். கவனிக்க வேண்டிய விஷயம், பாராட்டும் குறையும் ஒரே பட்டியலாக இருப்பது. வழிகாட்டி இல்லை என்பது ஒருவருக்குக் குறை, இன்னொருவருக்கு அதுவே காரணம். பல மணி நேரம் பூட்டிய கார் ஒரு நிமிடத்தில் நொறுங்கியது என்று ஒருவர் கோபமாக எழுதுவார். அதே வாக்கியத்தை இன்னொருவர் சிரித்துக்கொண்டு எழுதுவார். வழிகாட்டி இல்லாத குறையை ஆட்டக்காரர்கள் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். எந்தப் பாகத்துக்கு எத்தனை போல்ட், என்ன அளவு என்று படம் போட்டு வைத்தார்கள். மின்கம்பி இணைப்புக்கு வரைபடம் வரைந்தார்கள். விளையாட்டில் இல்லாத பாகங்களை மாட்டிக்கொள்ள மோட் எனப்படும் துணைநிரல்களும் குவிந்தன. யூடியூபில் இதை ஆடிக் காட்டுகிறவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம். ஆடுகிறவர் எந்த போல்ட்டை விட்டார் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும், ஆடுகிறவருக்குத் தெரியாது.

நியாயமான குறைகளும் உண்டு. இயற்பியல் கணக்கு சில சமயம் தறிகெட்டு, நின்றிருந்த பொருள் காரணமின்றி எகிறிப் பறக்கும். விசைப்பலகையில் ஸ்டீயரிங் முழுக்க இடம் அல்லது முழுக்க வலம் என்று திரும்புவதால், மண்சாலையில் வண்டி பாம்பாக நெளியும். ஸ்டீயரிங் சக்கரம் வாங்கிப் பொருத்தியவர்கள் ஆடுவது கிட்டத்தட்ட வேறொரு விளையாட்டு. தன் தவறால் செத்தால் சிரிக்கிறவர்கூட, கணக்குக் கோளாறால் செத்தால் மன்னிப்பதில்லை.

தொடங்க நினைக்கிறவர்களுக்குச் சில வேலைக் குறிப்புகள். ஒரு பாகத்தைப் பொருத்தினால் அதன் போல்ட்டுகளை அப்போதே முடியுங்கள். பின்னால் மேலே வேறொரு பாகம் வந்து மறைத்துவிடும். பிரேக் ஆயில் ஊற்ற இரண்டு மூடிகள், கிளட்ச்சுக்குத் தனியாக ஒன்று. ஆக மூன்று, ஒன்றை விட்டாலும் தெரிந்துவிடும். முதல் ஓட்டம் வீட்டு முற்றத்துக்குள்ளேயே இருக்கட்டும். இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, இறங்கி, சக்கர நட்டுகள், ஸ்டீயரிங் ராடு, ஆக்சில் ஷாஃப்ட் ஆகிய மூன்றையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். வாகனப் பரிசோதனைக்குப் போகும்போது எச்சரிக்கை முக்கோணத்தை மறக்காதீர்கள். சத்தமில்லாத பழைய சைலன்சரையே மாட்டிக்கொண்டு போங்கள். தேறினால்தான் நம்பர் பிளேட். அதுவரை நெடுஞ்சாலையில் போலீஸ் கை காட்டினால் அபராதம்.

கடைசியாக, ஆட்டத்தைச் சேமிப்பது எப்படி என்று புதியவர்கள் மெனு மெனுவாகத் தேடுவார்கள். அங்கே இருக்காது. கழிப்பறைக்குப் போக வேண்டும், அங்கேதான் சேமிக்க முடியும். நிரந்தர மரணம் என்ற தெரிவோடு தொடங்கியிருந்தால், செத்தவுடன் அந்தச் சேமிப்பும் அழிந்துபோகும். அந்தத் தெரிவு இல்லாமல் ஆடுகிறவர்கள் கடைசியாகப் போன கழிப்பறையிலிருந்து தொடரலாம். இறுக்காமல் விட்ட போல்ட்டும் அப்படியே சேமிக்கப்பட்டிருக்கும்.

நன்றி, வணக்கம்.