"எனக்கு மட்டும் ஏன் இப்படி?" – ஒரு சகோதரியின் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. "என் வீட்டுக்காரருக்கு 38 வயசு. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னார், விடியறதுக்குள்ள போயிட்டார். இப்போ எதிர்வீட்டுல கல்யாணம், பந்தல் போடுறாங்க. அந்த மேளச் சத்தம் கேட்டாலே வயிறு எரியுது. எல்லாம் போன ஜென்மத்து வினை, ஏத்துக்கோன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. எப்படி ஏத்துக்கிறது?"

அம்மா, இது நியாயம்தான்னு உங்க மனசை நம்ப வைக்கப் பாடுபடாதீங்க. இதுல நியாயம் இல்ல. போன ஜென்மத்துல நீங்க என்ன பண்ணீங்கன்னு அவங்கள்ல யாரு பார்த்தா? இருக்கிற துக்கம் போதாதுன்னு தலையில ஒரு பழியையும் ஏத்துறாங்க. அதை வாங்கிக்காதீங்க. வயிறு எரியுதே, நான் கெட்டவளான்னும் நினைக்காதீங்க.

புறநானூறுல 194-ஆவது பாட்டு, பக்குடுக்கை நன்கணியார் பாடினது. ஏழே வரி. ஒரு வீட்டுல சாவுப்பறை, இன்னொரு வீட்டுல மண முழவு. ஒருத்தி பூ வச்சிருக்கா, இன்னொருத்திக்குக் கண்ணுல தண்ணி நிக்கல. அப்படியே உங்க தெருதான். இதைப் பார்த்துட்டு அந்தப் புலவர், இப்படிப் படைச்சவன் பண்பில்லாதவன்னு படைச்சவனையே ஏசுறார். ஏசி முடிச்சப்புறம்தான் "இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே"ங்கிறார். உலகம் கொடியதுதான், அதோட இயல்பு தெரிஞ்சவங்க அதுக்குள்ளயே இனியதைப் பாருங்கன்னு. கோபத்தை முழுங்குன்னு அவர் சொல்லவே இல்ல. எனக்கு அந்தப் பாட்டு மேல அவ்வளவு மரியாதை.

நீங்க ஏத்துக்க வேண்டியது, அவர் இனி வரமாட்டார்ங்கிற அந்த ஒண்ணைத்தான். அதுவும் ஒரே நாள்ல ஆகாது. காலையில மனசு தேறின மாதிரி இருக்கும். சாயந்தரம் வாசல்ல அவரோட செருப்பு கண்ணுல படும், திரும்ப முதல்லேர்ந்து அழுகை வரும். வரட்டும். கூட உட்கார்ந்து புத்தி சொல்லாம கேட்கிற ஆள் ஒருத்தர் இருந்தா, அவங்ககிட்ட பேசுங்க.

ஆனா ஒண்ணு. நல்ல காரியத்துல முன்னாடி நிக்காதே, எதிர்ல வராதேன்னு யாராவது சொன்னா, அது விதி இல்லம்மா. மனுஷங்க செய்யற அநியாயம். அதை ஏத்துக்கவே கூடாது. எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குப் போகணும்னு தோணினா போங்க, முன்வரிசையில உட்காருங்க. தோணலையா, மொய்யை யார்கிட்டயாவது குடுத்தனுப்பிட்டு வீட்டுல இருங்க. ரெண்டுக்கும் நீங்க யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல.