வந்தவர்கள் கணக்கும் போனவர்கள் கணக்கும்

வணக்கம். இலங்கையில் சுற்றுலா மீண்டும் களைகட்டிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். 2018இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். மறு வருடம் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள், அதன் பின் கொரோனா. 2021இல் வந்தவர்கள் 2 இலட்சம் பேர்கூட இல்லை. 2024இல் அந்தத் தொகை மறுபடியும் 20 இலட்சத்தைத் தாண்டியது. முதலிடம் இந்தியாவுக்கு. எனக்கும் மகிழ்ச்சிதான்.

ஆனால், கட்டுநாயக்க விமான நிலையத்தில் புறப்படும் பக்கம் போய்ச் சற்று நேரம் நின்று பாருங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டிய பெட்டி. அதன்மேல் கொட்டை எழுத்தில் பெயரும் ஊரும். புறப்படுகிறவள் ஒரு தாய். அம்மம்மாவின் இடுப்பில் இருக்கும் குழந்தை, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும். அவள் போவது குவைத்துக்கு வீட்டு வேலைக்கு.

பொருளாதாரம் இடிந்து விழுந்த 2022ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருடத்தில் 9 இலட்சத்துக்கும் அதிகமான கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. வேலைக்கென்று பதிவு செய்து வெளிநாடு போனவர்கள் மட்டும் சுமார் 3 இலட்சத்து 11 ஆயிரம் பேர். நெருக்கடி தணிந்த பிறகாவது குறைந்ததா? 2024இலும் 3 இலட்சத்துக்கு மேல்தான். சுற்றுலா நிமிர்ந்துவிட்டது, வெளியேற்றமோ ஓயவில்லை. இதைத்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

பணக் கணக்கையும் பார்ப்போம். 2024இல் சுற்றுலா ஈட்டித் தந்தது சுமார் 3.17 பில்லியன் டொலர். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பியது சுமார் 6.57 பில்லியன். இரண்டு மடங்குக்கும் மேல்! வருகிறவருக்கு மாலையும் நடனமும் வைக்கிறோம். வைக்கட்டும், விருந்தினர் அல்லவா? நாட்டைத் தாங்குகிறவள் திரும்பி வரும்போது அதில் ஒரு பங்கு மரியாதையாவது கிடைக்க வேண்டாமா? அவள் இல்லாத வருடங்களில் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று யாராவது கேட்க வேண்டாமா?

இடையில் இன்னொன்று. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வருகிற நம்மவர்களில் பலரிடம் இருப்பது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு. பிறந்த மண்ணுக்கே விசா எடுத்துத்தான் வருகிறார்கள். அன்று போனவர்கள், இன்று வந்தவர்கள் கணக்கில்.

உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போனவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன். அடுத்த காணொளியில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலைப் பற்றிப் பேசுவோம்.