99 போட்டால் ஜெயிக்காது, 01 போடுங்கள்!

வணக்கம் மக்களே. இன்றைக்கு முன்னுரை எல்லாம் கிடையாது, எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், புது சர்வர் எடுத்தால் என் முதல் வேலை எஸ்எஸ்ஹெச்சில், அதாவது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியில், பாஸ்வேர்ட் லாகினை மூடுவதுதான். கீ (நம் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் ரகசிய ஃபைல்) இருந்தால் வா, இல்லையென்றால் கிளம்பு. இந்த வாரம் ஒரு உபுண்டு சர்வர் எடுத்து, சர்வர் செட்டிங்குகளைத் தானாகச் செய்யும் ஆன்சிபிள் கருவியில், பலரும் பயன்படுத்தும் ஒரு ரோலை (தயார் செய்முறைத் தொகுப்பை) ஓட்டினேன். ஃபெயில்டு பூஜ்யம், எதுவும் தவறவில்லை என்று காட்டியது. சரி என்று, கீ இல்லாத லேப்டாப்பிலிருந்து நுழைந்து பார்க்கிறேன், பாஸ்வேர்ட் கேட்கிறது! கொடுத்தால் உள்ளேயும் விடுகிறது!

இங்கே ஸ்கிரீனைப் பாருங்கள். சர்வரில் எஸ்எஸ்ஹெச்சை நடத்தும் புரோகிராம் எஸ்எஸ்ஹெச்டி, அதன் செட்டிங்குகள் இருக்கும் எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி ஃபோல்டரில் இரண்டு ஃபைல். ஒன்று 50-கிளவுட்-இனிட்.கான்ஃப், சர்வர் முதலில் பூட் ஆகும்போது அதைத் தயார் செய்யும் கிளவுட்-இனிட் என்ற புரோகிராம் எழுதி வைத்தது. உள்ளே ஒரே வரி, பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் யெஸ். இன்னொன்று நம் ரோல் வைத்த 99-ல் தொடங்கும் ஃபைல், அதில் நோ. ஒரே விஷயத்துக்கு இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். யார் சொல் செல்லும்?

99 என்று பெயர் வைத்தவர் கடைசியில் வருவது ஜெயிக்கும் என்று நம்பியிருக்கிறார். கெர்னல் செட்டிங்குகளுக்கான சிஸ்கன்ட்ரோலில் அப்படித்தான், சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் டிராப்-இன் (கூடுதல் செட்டிங்) ஃபைலிலும் அப்படித்தான். எஸ்எஸ்ஹெச்டி மட்டும் நேரெதிர். ஒரு செட்டிங்குக்கு முதலில் கிடைக்கும் மதிப்பை எடுத்துக்கொள்ளும், பின்னால் வருவதைக் கண்டுகொள்ளாது. மேனுவலிலேயே தெளிவாக இருக்கிறது. ஃபைல்கள் பெயர் வரிசையில் படிக்கப்படுவதால் 50 முந்திக்கொண்டது.

ஆங், ஒன்றை விட்டுவிட்டேன். மெயின் ஃபைலான எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்கில் நோ என்று மாற்றினாலும் பலிக்காது. உபுண்டுவில் அந்த ஃபோல்டரின் ஃபைல்களைச் சேர்த்துப் படிக்கச் சொல்லும் இன்க்ளூட் வரி மெயின் ஃபைலின் தலைமாட்டிலேயே இருக்கிறது, அதனால் ஃபோல்டரில் இருப்பதுதான் முதலில் படிக்கப்படும். இன்க்ளூட் வசதியே 2020-ல் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.2-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய பழக்கத்தில் மெயின் ஃபைலையே திருத்துபவர்கள் கவனியுங்கள்.

இப்போது பாருங்கள், 99-ஐ 01 ஆக்குகிறேன். உள்ளே ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. முதலில் எஸ்எஸ்ஹெச்டி மைனஸ் சின்ன டி, தப்பு இருந்தால் சொல்லும். அப்புறம் ரீலோட். இந்த விண்டோவை மட்டும் மூடிவிடாதீர்கள், ஏதாவது ஆனால் திரும்பி வர இதுதான் வழி. இப்போது மைனஸ் பெரிய டி, சுடோவோடு. எல்லாவற்றையும் படித்து முடித்து அது உண்மையில் எந்த மதிப்பில் ஓடும் என்று இது காட்டும். பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன்... நோ! வந்துவிட்டது! இரண்டே இலக்கம், மக்களே! அந்த லேப்டாப்பில் பார்க்கலாம்... பெர்மிஷன் டினைடு. எவ்வளவு அழகான எரர்!

ஆன்சிபிள் போன்ற இன்னொரு கருவியான பப்பெட்டை நான் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்பீர்களே, இதற்காகத்தான். ஒரே பேக்கேஜை இரண்டு மாட்யூலில் அறிவித்தால் டூப்ளிகேட் டிக்ளரேஷன் என்று கத்திவிட்டு கேட்டலாக், அதாவது சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியல், உருவாக்குவதையே நிறுத்திவிடும். பலருக்கு அது தொல்லை, எனக்கு அதுதான் பிடிக்கும். ஆன்சிபிளில் ஒரே நிலையில் உள்ள இரண்டு குரூப் (சர்வர் தொகுதிகள்) ஒரே வேரியபிளை வைத்திருந்தால், பெயர் அகரவரிசையில் பின்னால் வருவது சத்தமில்லாமல் ஜெயிக்கும். குரூப் பெயரை மாற்றினால் சர்வரின் நடத்தையே மாறலாம். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. எந்த குரூப் ஜெயிக்க வேண்டும் என்று நாமே சொல்ல ஆன்சிபிள்_குரூப்_பிரையாரிட்டி என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதை சர்வர் பட்டியலான இன்வென்டரியில் வைக்க வேண்டும், வேரியபிள்கள் இருக்கும் குரூப்_வார்ஸ் ஃபைலில் வைத்தால் வேலை செய்யாது.

கிளவுட்-இனிட் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சர்வர் உருவாக்கும்போதே கிளவுட்-இனிட்டுக்குக் கொடுக்கும் யூசர்-டேட்டாவில் எஸ்எஸ்ஹெச்_பிடபிள்யூஆத் ஃபால்ஸ் என்று கொடுத்தால், அந்த யெஸ் வரியே எழுதப்படாது, சண்டைக்கும் இடமில்லை. அப்புறம் கேள்வி கேட்டு பதில் வாங்கும் லாகின் முறையான கேபிடி-இன்டராக்டிவ் ஆதென்டிகேஷனும் நோ தானா என்று பாருங்கள், அது திறந்திருந்தால் பாம் (லினக்ஸின் லாகின் சரிபார்ப்பு அமைப்பு) வழியாக மறுபடி பாஸ்வேர்ட் கேட்கும்.

என் ஆன்சிபிள் பிளேபுக் (வேலைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) கடைசியில் மைனஸ் பெரிய டி-யை ஓட்டி, யெஸ் வந்தால் பிளேயே ஃபெயில் ஆகும்படி ஒரு அசெர்ட் (சரிபார்ப்பு) போட்டுவிட்டேன். டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.