அந்தக் கதவைப் பாருங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஒதுங்கி வாழ்ந்த கைவினைஞரின் பழைய புகைப்படத்தில் ஓங்கி நிற்பது தனிமையா, கைத்திறனா? இதுதான் கேள்வி. கைத்திறனே என்று பேச வந்திருக்கிறேன். படத்தில் இருப்பவர் டிக் பிரென்னகி. அலாஸ்காவில், ட்வின் லேக்ஸ் ஏரிக்கரையில், தானே கட்டிய மரக்குடிலின் வாசலில் நிற்கிறார். "பக்கத்தில் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்லையே, அந்த முகத்தைப் பார்த்தாலே மனசு கனக்கிறது" என்றார் எதிரணித் தோழி. சரி, முகத்தைப் பார்த்தீர்கள் அம்மா. பின்னால் இருக்கும் கதவைப் பார்த்தீர்களா?

அது குறுக்கே இரண்டாகப் பிரிந்த கதவு. மேல்பாதியை மட்டும் திறந்து வைக்கலாம். இரும்புக் கீல் கிடையாது; மரக்கட்டையில் அவரே செதுக்கிய கீல். தாழ்ப்பாளும் மரம்தான். சில கருவிகளுக்கு இரும்பை மட்டும் எடுத்துப் போனார். கைப்பிடியைக் காட்டு மரத்தில் அங்கேயே செதுக்கிக்கொண்டார். சுத்தியல் வேண்டுமா? ஒரு கட்டையைக் குடைந்து பிடி மாட்டினார், கொட்டாப்புளி தயார்!

அவசரமும் பட்டவரில்லை. 1967 கோடையில் ஸ்புரூஸ் மரங்களை வெட்டி, பட்டை உரித்து, அடுக்கிவிட்டுப் போய்விட்டார். ஒரு குளிர்காலம் முழுக்கக் காயவிட்டு, 1968இல், 52 வயதில் திரும்பிவந்துதான் சுவர் எழுப்பினார். கீழ்க்கட்டையின் வளைவுக்கு ஏற்ப மேல்கட்டையைக் குடைய வேண்டும். தூக்கி வைத்துப் பார்க்க வேண்டும். இடைவெளி தெரிந்தால் இறக்கி மறுபடி செதுக்க வேண்டும். தச்சு வேலை தெரிந்தவர்களைக் கேளுங்கள், அந்த 'மறுபடி'யில்தான் முழு வேலையும் இருக்கிறது.

"உலகமே வேண்டாம் என்று ஓடியவர்" என்றார் இன்னொரு நண்பர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருக்குக் கடிதமும் மளிகையும் ஒரு விமானி நண்பர் கொண்டுவந்து கொடுத்தார். பாசி போர்த்திய கூரைக்கு அடியில் கடையில் வாங்கிய தார்க்காகிதம் இருக்கிறது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

அப்புறம், இன்னொன்று. கட்டும் வேலையை அவரே படச்சுருளில் பிடித்தார். நினைத்துப் பாருங்கள் நடுவர் அவர்களே: கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஓடவிட்டு, அதன் முன்னால் போய் மரத்தை அறுக்கிறார். தூரம் நடந்து போகிற காட்சி என்றால், போனவர் கேமராவை எடுக்க அத்தனை தூரமும் திரும்பி வர வேண்டும். யாருக்காக அந்த நடை? பார்க்க ஒருவரும் வேண்டாம் என்று நினைப்பவர் இப்படி நடப்பாரா? தன் வேலையை நமக்குக் காட்ட ஆசைப்பட்ட மனிதர் அவர். அவரைப் பார்த்துப் பரிதாபப்படுவது அந்த உழைப்புக்கு நாம் செய்யும் அநியாயம்.

ஏறத்தாழ 30 ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, 2003இல் அவர் காலமானார். குடில் இன்று லேக் கிளார்க் தேசியப் பூங்காவின் பாதுகாப்பில் இருக்கிறது. மிதவை விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள்.